பின்னறைக்கு எட்டாத வைஃபை

பின்னறையில் இருக்கும் பாட்டியார் ஊரிலுள்ள தங்கையோடு முகம் பார்த்துப் பேசுகையில் பேச்சு அறுந்துவிடுகிறதென்று, மெஷ் வைஃபைப் பெட்டிகள் வாங்கும் அன்பர்கள் பலர். துணைப் பெட்டியை அலை எட்டாத அந்த அறையிலேயே மாட்டிவிட்டு, ‘இணையவில்லையே’ என வருந்துவாரும் அவர்களே. முதற்பெட்டியிடம் பெற்றதையே துணைப் பெட்டி மறுபடி வழங்கும். தனக்கே எட்டாததை எவ்வாறு அளிக்கும்?

ஆகவே முதலில் அதனை முதற்பெட்டியின் அருகில் வைத்து இணைத்துக்கொள்க. கைப்பேசிச் செயலி புளூடூத்தும் இருப்பிட அனுமதியும் கேட்டால் மறுக்கலாகாது. பின்னர் மின்னிணைப்பைக் கழற்றி, முதற்பெட்டிக்கும் பின்னறைக்கும் நடுவழியில், கூடுமானால் வாயிற்படிக்கு நேராக வைத்து மீண்டும் இணைக்க, அமைப்பு அழிந்துவிடாது. கான்கிரீட் சுவரும் இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலைக்குப் பகை. (பெட்டி அழகாயில்லையென்று அலமாரிக்குள் பூட்டுவாரும் உளர்!) 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையதாயினும் சுவரிடம் தளரும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவாயினும் ஊடுருவும்.

இணைய நிறுவனம் தந்த பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுக. இன்றேல் கைப்பேசி பழகிய அதனையே பற்றிக்கொண்டு நிற்கும். இவ்வளவு செய்தும் அலை தளர்ந்தால், இரு பெட்டிகளுக்குமிடையே சுவரோரமாக ஓர் ஈதர்நெட் கம்பி இழுத்துவிடுக. வாடகை வீடாயினும் அதற்குச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, கதவிடுக்கே போதும்.