நாய்க்குட்டிக்குச் சம்பந்தம் பேசினோம்

பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டாரை எத்தனை கேள்வி கேட்பார்கள் என்பது நேயர்களில் பலருக்கு அநுபவத்தில் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு நாய்க்குட்டி வாங்கப் போன இடத்தில் அதைக் காட்டிலும் கடுமையான பரீக்ஷைக்கு உட்பட நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பணம் கொடுக்கப் போகிறவன் நான். ஆகவே கேள்வி கேட்கும் பாத்தியதையும் எனக்கே உரியது என்ற எண்ணத்தோடுதான் போனேன். திரும்பி வரும்போது கையில் குட்டி இல்லை. வேலி எப்படிப் போடவேண்டும் என்ற உபதேசம் மட்டுமே இருந்தது.

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சேர்ந்த வெள்ளக்கடையில், காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே எங்கள் வீடு இருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மலைக்கு வருகிறவர்கள் குளிரையும் மேகத்தையும் பார்த்து மகிழ்ந்து, மறு நாளே இறங்கிப் போய்விடுகிறார்கள். இங்கேயே குடியிருப்பவர்களுக்கோ, பொழுது சாய்ந்து தோட்டம் இருண்டதும், வாசலில் ஒரு நாய் படுத்திருந்தால் தைரியமாயிருக்கும் என்று தோன்றும்.

எங்களுக்கும் தோன்றியது. ஒரு நாள் கீழே போயிருந்தபோது, சாலை ஓரத்தில் ஒருவன் கூடையில் நாய்க்குட்டிகளை வைத்துக்கொண்டு நின்றான். "உயர்ந்த ஜாதி" என்றான். தாய் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டே மலையேறினாள். ஐந்தாம் நாள் குட்டி பாலைத் தொடவில்லை. ஆறாம் நாள் ரத்தமாகப் பேதியாயிற்று. ஏழாம் நாள் காலையில் போய்விட்டது. "பார்வோ என்னும் தொற்று நோய். முப்பது நாள் கூட ஆகாத குட்டி. தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. இதற்குத் தடுப்பூசி எங்கே போட்டிருக்கப் போகிறார்கள்?" என்றார் கால்நடை மருத்துவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு மிளகுக் கொடியின் அடியில் அதைப் புதைத்தோம். அதற்குப் பிறகு வெகு நாள் வரையில் என் பெண் அந்தப் பக்கம் போனால் சற்று நின்றுவிட்டுத்தான் வருவாள்.

அப்புறம் ஒன்றரை வருஷம் நாய் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. பேச்சைக் கிளப்பியது ஏற்காட்டுக் கோடை விழா. அந்த விழாவில் மலர்க் கண்காட்சியோடு நாய்க் கண்காட்சியும் நடப்பது வழக்கம். சீமை நாய்கள் பலவும் ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நின்ற வரிசையில், ஒட்டிய வயிறும் நீண்ட முகமும் வில்லைப் போல் வளைந்த முதுகுமாக ஒரு நாய் நின்றது. "பாவம், இதற்குச் சோறே போடமாட்டார்களா அப்பா?" என்று கேட்டாள் என் பெண். பக்கத்திலிருந்தவர் சிரித்து, "இது சிப்பிப்பாறை, அம்மா! உடம்பே இப்படித்தான். அவிழ்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்பவையெல்லாம் ஊர்ப் பெயர்கள். அந்தந்த ஊர்களைச் சுற்றிக் குடியானவர்கள் வளர்த்த வேட்டை நாய்களுக்கு அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. ராஜபாளையம் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. கோம்பை செந்நிறம், முகம் கறுத்திருக்கும். கன்னி என்பது கறுப்பு உடம்பில் பழுப்புத் திட்டுகள் உள்ளது. கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பார்கள் என்பது தென் ஜில்லாக்களில் வழங்கும் பேச்சு. சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலைத் துரத்துவதற்கென்றே பிறந்தது.

இந்தச் சுதேசி நாய்களை நாம் வெகு காலம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பனிப் பிரதேசத்து நாயைச் சென்னை வெயிலில் கட்டிப் போட்டு அழகு பார்த்தோம். 2005-ல் தபால் இலாகா ராஜபாளையத்துக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி தமது வானொலிப் பேச்சில் இந்த நான்கு இனங்களின் பெயரையும் சொன்னார். புகழ் வந்தது நல்லதுதான்; ஆனால் புகழ் வரும் இடத்துக்குக் கூடைக்காரனும் வந்துவிடுகிறானே! இந்த இனங்களைப் பெருக்குவதற்கென்று சைதாப்பேட்டையில் அரசாங்கம் நடத்திய நிலையமோ 2016-ல் ஐகோர்ட்டு உத்தரவினால் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கு இந்த நாய்களின் நல்வாழ்வு, அவற்றைத் தலைமுறையாக வளர்த்து வரும் குடும்பங்களின் நாணயத்தையும், வாங்கப் போகிறவர்களின் விவேகத்தையும் பொறுத்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரித்து அறிந்து, கரிசல் சீமைக்குப் பிரயாணமானோம். மலையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

வீட்டு வாசலில் வேப்ப மரத்து நிழலில் தாய் நாய் படுத்திருந்தது. அதன்மேல் ஐந்து குட்டிகள் ஏறி விழுந்துகொண்டிருந்தன. "முதலில் தாயைப் பாருங்கள், குட்டி எங்கே போய்விடப் போகிறது?" என்றார் பெரியவர். தாய்க்கு நான்கு வயது. அது இரண்டாவது ஈற்று. தகப்பன் வேறு ஊரில் இருக்கிறது. நிறத்துக்கு ஆசைப்பட்டு அண்ணன் தங்கையைச் சேர்க்கிறவர்கள் உண்டென்றும், அப்படிச் சேர்த்தால் வம்சமே நைந்துபோகுமென்றும் அவர் சொன்னார். பிறகு ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டு வந்து, குட்டிகளின் முதுகுக்குப் பின்னால் 'டங்' என்று தட்டினார். ஐந்தும் திரும்பின. வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு. ராஜபாளையம் குட்டிகளில் இதை அவசியம் பார்க்கவேண்டும். இவர் வீட்டிலோ எந்த நிறத்துக் குட்டியானாலும் தாம்பாளச் சோதனை உண்டு.

அதற்கு மேல் கேள்விகளெல்லாம் அவருடையவை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சங்கிலியில் கட்டுவீர்களா? வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

"காப்பித் தோட்டம், அதற்கப்பால் காடு" என்றேன் பெருமையாக.

பெரியவருடைய முகம் மாறியது. "தம்பி! இது மோப்பம் பிடித்து மெதுவாகப் போகிற ஜாதி அல்ல. கண்ணால் கண்டு ஓடுகிற ஜாதி. முயல் ஒன்று கண்ணில் பட்டால், நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. உங்கள் மலையில் காட்டெருமை உண்டல்லவா? வேலி இருக்கிறதா?"

வேலி இல்லை. முயலைப் பிடித்தாலும் ஆபத்துத்தான். 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். "வேட்டை இல்லாத காலத்தில் வேட்டை நாய் எதற்கு?" என்று கேட்டேன். "வேட்டை போய்விட்டது, ஓட்டம் போகவில்லை. அது ரத்தத்தில் இருக்கிறது. காலையும் மாலையும் ஓட இடம் கொடுத்தால் வீட்டுக்குக் காவல், கட்டிப் போட்டால் வீட்டுக்குப் பீடை" என்றார்.

குட்டிகளுக்கு அப்போது ஐந்து வாரம். 2017-ல் மத்திய சர்க்கார் செய்த விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. விற்பனைக்காக இனவிருத்தி செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிவுச் சீட்டை அவருடைய மருமகள் எடுத்து வந்து காட்டினாள். "சட்டம் இப்போது வந்தது. குட்டி தன் கூடப் பிறந்ததைக் கடித்து, பதிலுக்குக் கடிபட்டு, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும் காலம் இது. இப்போதே பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை உங்கள் குழந்தையின் கையில்தான் கற்றுக்கொள்ளும்" என்றாள் அவள்.

அது வரையில் பேசாதிருந்த என் பெண், பெரியவரை நிமிர்ந்து பார்த்து, "இதுவும் செத்துப் போகுமா, தாத்தா?" என்று கேட்டாள்.

பெரியவர் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. "சாகாது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், தாயீ. ஆனால் இதன் தாயை உனக்குக் காட்டியிருக்கிறேன். ஊசி போட்ட சீட்டு தருவேன். வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாதே. எப்போதானாலும் இங்கேயே கொண்டு வந்துவிடு. இவ்வளவுதான் என்னால் ஆகும். மற்றது உன் கையில் இருக்கிறது" என்றார்.

வெறுங்கையோடு திரும்பினோம். காப்பித் தோட்டத்தில் அரை ஏக்கருக்கு ஆறடி உயரத்தில் கம்பி வேலி போட்டேன். குட்டியின் விலையைப் போல் மூன்று பங்கு செலவாயிற்று என்பதை வீட்டில் இன்னும் வெளியிடவில்லை. இந்தப் பத்தியைப் படித்துத் தெரிந்துகொள்வார்கள். நான்கு வாரம் கழித்து, வேலியின் புகைப்படத்தோடு போனோம். பெரியவர் அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்து, "அடியில் தோண்டிவிடும், ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள்" என்று சொல்லிவிட்டு, சந்தன நிறப் பெட்டை ஒன்றை என் பெண்ணின் கையில் கொடுத்தார்.

கரிசல் வெயிலுக்கென்று பிறந்த மெல்லிய தோல். மலைக் குளிருக்கு முதல் இரவே நடுங்கிற்று. கோணிப் பையின்மேல் பழைய கம்பளியை மடித்துப் போட்டோம். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டோம். இப்போது அதற்குப் பத்து மாதம். காலையில் வேலிக்குள் அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்ப்பதற்கென்றே தோட்டத்து ஆட்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள்.

நாய் வாங்க நினைக்கும் நேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். தாயைக் காட்டாதவனிடம் குட்டி வாங்காதீர்கள். உங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் குட்டியை நீட்டுகிறவனிடமும் வாங்காதீர்கள். அவனுக்கு அந்தக் குட்டியைப் பற்றிய கவலை உங்கள் பணம் கைக்கு வந்ததோடு தீர்ந்துவிடுகிறது.

நேற்று மாலை மிளகுக் கொடிப் பக்கம் நாயும் என் பெண்ணும் ஓடினார்கள். நாய் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை.