நாய்க்கும் பேர் வெட்டிய மண்

போன மாதம் எங்கள் கல்லூரியில் கவியரங்கம். தலைப்பு 'போரும் கவிஞனும்'. 11 பேர் வாசித்தார்கள். காசா வந்தது, உக்ரைன் வந்தது, முள்ளிவாய்க்கால் மூன்று முறை வந்தது. நானும் கைதட்டினேன். ஆனால் ஜவ்வாது மலைக்காரனான எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 2015 ஏப்ரல் 7 பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போனவர்கள் அதில் இருந்தார்கள். செம்மரம் வெட்டியவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள்.

கவியரங்கம் முடிந்ததும் ஒரு நண்பனிடம் கேட்டேன். "அது போர் இல்லடா, கடத்தல் கேஸ்" என்றான்.

அப்படியா? சங்கப் புறத்திணையில் முதல் திணை எது? வெட்சி. அடுத்தவன் மாட்டை ஓட்டி வருவது! நம் கவிஞர்கள் மீட்கப் போனவனையும் பாடினார்கள், கவரப் போனவனையும் பாடினார்கள். எங்கள் மலையடிவாரத்துச் செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பேர் போனது. பல கற்கள் ஆநிரைச் சண்டையில் செத்தவர்களுக்கு நட்டவை. எடுத்தனூர்க் கல்லில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், எசமானோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாய்க்கும் 'கோவிவன்' என்று பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,400 வருடமாக ஒரு நாயின் பேர் நிற்கிறது. அந்த 20 பேரில் ஒருவர் பேராவது உங்களுக்குத் தெரியுமா?

1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். 'போர் கொடியது' என்று பொதுவாகப் புலம்பவில்லை. தன் மண்ணில் எரிந்த ஒரு கட்டடத்தை, அதை எரித்த அதிகாரத்தை நேராகப் பார்த்தார். அதற்குத் துணிச்சல் வேண்டும். காசாவைப் பற்றி இங்கே உட்கார்ந்து எழுதினால் யாரும் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. பக்கத்துக் காட்டைப் பற்றி எழுதினால் போலீஸைக் கேட்க வேண்டும், கூலிக்கு ஆள் பிடித்த புரோக்கரைக் கேட்க வேண்டும், மலையில் வேலை இல்லாமல் வைத்திருக்கும் அரசைக் கேட்க வேண்டும். கடைசியில், சும்மா இருந்த நம்மையும் கேட்க வேண்டும்.

தூரத்துப் போரைப் பாட வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடுங்கள். ஆனால் ஊர்ப் பிணத்தைத் தாண்டிப் போய்ப் பாடாதீர்கள்.

அடுத்த கவியரங்கத்தில் நானும் பேர் கொடுக்கப் போகிறேன். உவமை கிடையாது, எதுகை மோனை கிடையாது. 20 பேர்களை மட்டும் வாசித்துவிட்டு இறங்கிவிடுவேன். அது கவிதையே இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், பேசிக்கொள்ளலாம்.