பெரிய வண்டிக்கு முரட்டு டயர் எதற்கு?

ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என் போன்ற பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்களில் பலர், முதல் செட் டயர் தேய்ந்ததும் கடையில் கேட்பது ஆல்-டெரெய்ன் டயரைத்தான். பெரிய பெரிய பட்டன், ஆழமான பள்ளம், பக்கச்சுவரில் வெள்ளை எழுத்து. போட்டதும் வண்டிக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுவது உண்மை. ஆனால் அந்த வண்டியின் ஓட்டத்தில் பெரும்பகுதி திருச்சி, மதுரை நான்குவழிச் சாலையிலும் நகர நெரிசலிலுமே கழிகிறது.

இந்தத் தேர்வு தவறு. தமிழ்நாட்டுச் சாலையில் வெயிலிலும் மழையிலும் ஒரே சீராக உழைப்பது ஹெச்.டி. என்று கடைக்காரர்கள் சொல்லும் ஹைவே-டெரெய்ன் டயர்தான். அதிலும் சுமைத் திறன், தயாரிப்புத் தேதி, காற்றழுத்தம் ஆகிய மூன்றைப் பார்க்காமல் பட்டனை மட்டும் பார்த்து வாங்குவது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து.

கடையில் காதில் விழும் இன்னொரு பெயரான ‘ஆல் சீசன்’ பனி கொட்டும் நாட்டிலிருந்து வந்தது. குளிர்காலத்துக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் என்று மாற்றி மாற்றிப் பூட்டிக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்காக 1977இல் குட்இயர் நிறுவனம் ‘டியெம்போ’ என்ற டயரைக் கொண்டுவந்தது. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகி, பிடிப்பை இழக்கத் தொடங்கும். அந்தக் குளிரிலும் இறுகாத ரப்பர்க் கலவை இவ்வகை டயரின் சிறப்பு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையுச்சிகளை விட்டால் அத்தகைய குளிர் நம் மாநிலத்தில் இல்லை. ஆகவே மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரைக்காக இங்கே ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நம் டயர் தாங்க வேண்டியவை இரண்டு: மே மாதத்துச் சாலைக் கொதிப்பு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை.

முதலில் கொதிப்பு. ஃபார்ச்சூனரில் வரும் 18 அங்குல டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினோரு முறைக்கு மேல் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் தரையில் அமுங்கி, வளைந்து, நிமிர்கிறது. அந்த வளைவில்தான் உள்வெப்பம் பிறக்கிறது. காற்று குறைந்தால் வளைவு கூடும். வளைவு கூடினால் சூடு ஏறும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் ஏழு பேரும் கூரையில் மூட்டைகளும் சேர்ந்துவிட்டால், டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டைக்கும் மேலே உள்ள ரப்பருக்கும் இடையிலான ஒட்டு தளரத் தொடங்கும். நம் ஊர்ச் செய்திகளில் ‘டயர் வெடித்துக் கார் கவிழ்ந்தது’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும் விபத்துகள் பலவற்றுக்குப் பின்னால் இந்தச் சூடுதான் இருக்கிறது.

இதற்கு உலகமறிந்த சாட்சி அமெரிக்காவின் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். 1990களில் மிக அதிகமாக விற்ற அந்த எஸ்யூவியில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ், வில்டர்னஸ் ஏடி டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. வேகமாக ஓடும்போது மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் தொலைக்காட்சி ஒன்று இதை வெளிக்கொண்டுவந்தது. ஆகஸ்ட்டில் லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கில் இறந்தவர்கள் 271 பேர். டெக்சஸ், ஃபுளோரிடா, அரிசோனா என்று வெயில் மாநிலங்களில்தான் சம்பவங்கள் குவிந்தன. டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்தது. அதோடு, ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் வெறும் 26 பிஎஸ்ஐ. 30 இருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டி, ஏறத்தாழ நூறாண்டு உறவை 2001இல் முறித்துக்கொண்டன. இதன் விளைவாக வந்த சட்டத்தால்தான் அங்கே புது வண்டிகளில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமானது.

இந்த வரலாறு நம் ஓட்டுநர்களின் காதுக்கு வந்து சேரவில்லை. கோடையில் டயர் வெடிக்கும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைக்கும் பழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. இது ஆபத்தைத் தேடிப் போவது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுச்சீட்டில் உள்ள அளவைத்தான் வைக்க வேண்டும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, முழுச் சுமைக்கு என்று போட்டிருக்கும் அளவை. வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பார்த்துவிட வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் சற்று ஏறியிருப்பது இயல்பு, அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் நிரப்பினால் போதும் என்று நம்புகிறவர்களும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதை நிரப்பினாலும் மாதம் ஒருமுறை அளந்தாக வேண்டும்.

மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச் சாலையில் டயர் வெடித்த விபத்துகள் தொடர்ந்ததும், 2023இல் நுழைவாயிலிலேயே டயர்களைச் சோதித்து, தேய்ந்தவற்றோடு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம் சுங்கச்சாவடிகளில் மே மாதத்திலாவது இதைச் செய்ய வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியது டயரின் பக்கச்சுவரை. 265/60 ஆர்18 110ஹெச் என்றிருந்தால், அந்த 110 என்பது ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்பதற்கான எண். விலை குறைகிறது என்று அதே அளவில் 107 எண்ணுள்ளதைப் போட்டால் தாங்கும் எடை 975 கிலோவாக இறங்கிவிடும். வண்டியோடு வந்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. அதே பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கூடுதல் தள்ளுபடி சொன்னால் முதலில் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. ரப்பர் கிடங்கில் கிடந்தாலும் முதுமை அடையும்.

எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும் என்ற கேள்விக்குச் சில டயர்களில் உள்ள ‘ட்ரெட்வேர்’ எண் ஓரளவு விடை தரும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோ நகருக்கு அருகே, குறிப்பிட்ட சாலையில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்துத் தரும் எண் அது. ஒப்பீட்டு டயருக்கு 100. 400 என்றால் கொள்கையளவில் நான்கு மடங்கு உழைப்பு. எண்ணைத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்வதால், இரு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பிடுவதைவிட ஒரே நிறுவனத்தின் இரு ரகங்களை ஒப்பிடத்தான் இது உதவும். அருகிலேயே வெப்பத் தரமும் இருக்கும். நம் வெயிலுக்கு ‘ஏ’ தரமே சரி.

இனி மழை. தார்ச்சாலையில் தேங்கிய நீரை நுண்ணிய வெட்டுகளாலும் நீளவாக்குப் பள்ளங்களாலும் வெளியேற்றுவதற்காகவே ஹெச்.டி. டயர் வடிவமைக்கப்படுகிறது. ஆல்-டெரெய்னின் பருத்த பட்டன்கள் சேற்றில் கடித்து இழுக்கும். ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது அதே பட்டன்கள் நெளிவதால், வண்டி நிற்கும் தூரம் பொதுவாகக் கூடும். சத்தமும் டீசல் செலவும் சேர்ந்து கூடும். வால்பாறை எஸ்டேட் பாதையிலும் கூடலூர் மண்சாலையிலும் அன்றாடம் ஓடுகிறவர்களுக்கு இந்த விலை நியாயமானது, மற்றவர்களுக்கு இல்லை. சட்டம் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. ஆனால் கனமான வண்டி மழைச் சாலையில் வழுக்காமல் நிற்க 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவதுதான் அறிவுடைமை.

எம்ஆர்எஃப் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அப்போலோ ஒரகடத்திலும் மிஷ்லின் தேர்வாய்கண்டிகையிலும் டயர் தயாரிக்கின்றன. இருந்தும் ஈரச்சாலையில் எந்த டயர் சீக்கிரம் நிற்கும் என்பதை இங்குள்ள வாடிக்கையாளர் கடையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஐரோப்பாவில் 2012 முதல் இந்தத் தரம் ஒட்டுச்சீட்டில் எழுத்தாகத் தெரிகிறது. ஈரப்பிடிப்புக்கு மத்திய அரசு 2022இல் வரையறை கொண்டுவந்தது. அதன் அளவை டயரிலேயே ஒட்டச் செய்வதும் அரசின் கடமை.

செலவைப் பார்த்து இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியவற்றைப் பின்சக்கரத்தில் போடச் சொல்ல வேண்டும். மழையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனால் வண்டியை மீட்பது கடினம். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இன்ஜின் விசை போகும் வண்டியில் பழையதும் புதியதும் கலந்தால் கியர் அமைப்பே பழுதாகலாம். அங்கே நான்கையும் சேர்த்து மாற்றுவதே வழி. அன்றைக்கே, வண்டியின் அடியில் யாரும் பார்க்காமல் தொங்கும் ஸ்டெப்னியையும் இறக்கித் தேதியைப் பார்த்துக் காற்று நிரப்பச் சொல்லலாம்.