அப்பா வேண்டாம், ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்

ஜெர்மனியில் ஆய்வு நெறியாளரை 'டோக்டர்ஃபாட்டர்' என்பார்கள். முனைவர் பட்டத்துக்கு ஒரு அப்பா. (பெண் என்றால் 'டோக்டர்முட்டர்', அம்மா.) முதலில் கேட்டபோது உருகிப்போனேன், குரு பக்தியில் வளர்ந்த ஆள் வேறு. அந்த உருக்கத்திலேயே 50 சதவீத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். சம்பளம்தான் பாதி, வேலை சனிக்கிழமையும் சேர்த்து.

ஊரில் எல்லாரும் கேட்டது, "எந்த யுனிவர்சிட்டி?" ஒருத்தராவது, "யார்கிட்ட சேர்ற? அவர்கிட்ட எத்தனை பேர் முடிச்சிருக்காங்க, எத்தனை வருஷத்துல?" என்று கேட்டார்களா? நானே கேட்கவில்லையே. கேட்டால் மரியாதைக் குறைவாம்!

ஒப்பந்தத்தை நீட்டிப்பவர் அவர். ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போடுபவர்களில் பெரும்பாலும் முதல் ஆளும் அவரே. என் விசாவும் அந்தக் காகிதத்தை நம்பித்தான். இத்தனையும் கையில் வைத்திருப்பவர் முதலாளி. அவரை அப்பா என்று நினைத்துவிட்டால் கூலி கேட்க வாய் வராது. கேட்டாலும் அது பிள்ளையின் அடமாகிவிடும்.

மூன்றாம் மாதமே விலகியிருக்க வேண்டும். 'நன்றி கெட்டவன்' என்பார்களோ என்று பதினான்கு மாதம் இழுத்தேன். இப்போது வேறு ஊர், வேறு நெறியாளர். முதல் சந்திப்பிலேயே எத்தனை சதவீதம், எத்தனை வருடம் என்று கேட்டேன். 65, மூன்று வருடம் என்றார். முகம்கூடச் சுளிக்கவில்லை.