எட்டு நாள் குடித்தனம்

தமிழ்ச் சிற்றிதழ்களிலும் இணைய இதழ்களிலும் சில ஆண்டுகளாக ஒரு வகைப் பயணக் கட்டுரை பெருகி வருகிறது. வார்ப்பு பெரும்பாலும் ஒன்றே. கட்டுரையாசிரியரும் அவருடைய மனைவியும் ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குச் செல்கிறார்கள். பத்து நாளில் ஏழு நாடு காட்டும் சுற்றுலா நிறுவனத்தின் கொடிக்குப் பின்னால் ஓடுகிற கூட்டத்தைக் கண்டு ஆசிரியர் லேசாகப் புன்னகைக்கிறார். அவர்கள் விடுதியில் தங்குவதில்லை. பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை எட்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். லிஸ்பனோ, பார்சிலோனாவோ, பிராகாவோ, எதுவானாலும் அங்கே ஒரு மரச்சன்னல் இருக்கும். சன்னலுக்கு வெளியே ஒரு தேவாலய மணி இருக்கும். அருங்காட்சியகத்துக்கு என்று ஒதுக்கிய நாளில் போகாமலே இருந்துவிடுவார்கள். அதுவே பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லப்படும். கடைசிப் பத்தியில் ஆசிரியர், தாம் அந்நகரத்தைப் பார்க்கவில்லை, அங்கே வாழ்ந்ததாக எழுதி முடிப்பார்.

இந்த 'வாழ்ந்தேன்' என்ற வினைமுற்றோடுதான் நமக்கு வழக்கு.

பழனி வட்டத்துக் கீரனூரில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். ஒரு கணவனும் மனைவியும் வேலை எதுவும் இல்லாமல் வேற்றூரில் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவதைப் பணக்கொழுப்பு என்று வைகிறவர்களின் கட்சி அல்ல நாம். எங்கள் பக்கத்தில் தம்பதியர் தனியாக ஊருக்குப் போவது ஆயுளில் ஒருமுறைதான், கல்யாணமான புதிதில், கொடைக்கானலுக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் வேண்டும். மொட்டை, காதுகுத்து, கல்யாணம், எழவு. காரணமில்லாமல் இருவர் மட்டும் கிளம்பினால், 'என்ன விசேஷம்?' என்று தெருமுனையிலேயே கேட்டுவிடுவார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் பழனி அடிவாரத்தில் மனைவியின் கையைப் பிடித்தபடி நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பிராகாவின் பாலத்தில் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அந்நகரங்களில் நம்மவர்களுக்குக் கிடைக்கிற நிம்மதியில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. நம்மைத் தெரிந்த கண்கள் அங்கே இல்லை. ஆனால் நாம் படித்தவற்றில் இதை எழுதியவரைக் காணோம். நிம்மதிக்குக் காரணம் கல் பாவிய தெரு என்றும் மஞ்சள் வெளிச்சம் என்றும் எழுதிவிடுவது எளிதாக இருக்கிறது.

சரி, 'வாழ்ந்தேன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? அனுபவத்திலிருந்து வந்ததாக நமக்குத் தோன்றவில்லை. 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி நிறுவனம் 2016இல் நடத்திய விளம்பர இயக்கத்தின் சாரமே இதுதான்: அங்கே போகாதீர்கள், அங்கே வாழுங்கள். சுற்றுலாப் பயணி என்ற அடையாளத்தைக் கண்டு கூசும் படித்த நடுத்தர வர்க்கத்துக்கென்றே தைக்கப்பட்ட சட்டை அது. நம் இலக்கியவாதிகள் அதை அணிந்துகொண்டு சொந்த நெசவு என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அந்நகரங்களில் 'வாழ்வதற்கு' முன் ஷெங்கன் விசா பெற வேண்டும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று, திரும்பி வருவதற்கான ஏற்பாடு என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுக்க வேண்டும். அத்தனை காகிதமும் சேர்ந்து சொல்வது ஒன்றைத்தான்: ஐயா, நாங்கள் அங்கே தங்கிவிடமாட்டோம். இப்படிக் கையொப்பமிட்டுக் கொடுத்தவர், திரும்பி வந்து அங்கே வாழ்ந்ததாக எழுதுகிறார்.

வாழ்ந்து எழுதுவது என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தெரியும். கீரனூர் ஜாகிர்ராஜா 'மீன்காரத் தெரு' எழுதினார். எளிய இசுலாமியர் வாழும் ஒரு தெருதான் அந்த நாவல். யார் யாரை எந்தத் திண்ணையில் உட்கார விடுவார்கள், எந்த வீட்டுப் பெண் எந்த வாசலில் நின்று பேசலாம் என்பதெல்லாம் தெரிய ஒருவர் அத்தகைய தெருவில் பிறந்து, வளர்ந்து, மனங்கசந்து, வெளியேறி, திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழ்த்தளத்து ரொட்டிக் கடைக்காரரிடம் எட்டு நாள் காலை வணக்கம் சொன்னால் அது கிடைத்துவிடாது. ரொட்டிக் கடைக்காரர் எல்லோருக்குமே வணக்கம் சொல்கிறார். அது அவர் தொழில்.

இனி அடுக்களைக்கு வருவோம். விடுதியை விட்டு வீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இக்கட்டுரைகள் பல காரணங்களைச் சொல்கின்றன. நகரத்தின் நாடித்துடிப்பு, உள்ளூர் வாழ்வின் தாளம், இன்ன பிற. உண்மையான காரணம் அடுப்பு. மூன்றாம் நாள் காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அலுத்துவிடும், ரசம் வேண்டும். ஆகவே பெட்டியில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பொன்னி அரிசியும் இரண்டு லிட்டர் குக்கரும் போகின்றன. இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரையில் அந்தக் குக்கர் இல்லை. ஆசிரியர் காபி மணத்தில் கண்விழித்துச் சன்னலைத் திறக்கிறார். காபியைப் போட்டது யார்? மாலையில் ஆற்றங்கரையிலிருந்து அவர் திரும்பும்போது இரவு உணவு தயாராகியிருக்கிறது. தானாகவே தயாராகிவிட்டதா? எழுவாயைத் தொக்கவிட்டு வாக்கியம் அமைக்கத் தமிழில் வசதி இருக்கிறது; அந்த வசதியை நம் பயண எழுத்தாளர்கள் பெரும்பாலும் அடுக்களை வாசலில்தான் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் நேர்மையானவர்கள் 'எளிமையாகச் சமைத்துச் சாப்பிட்டோம்' என்கிறார்கள். அந்த 'ஓம்' விகுதிக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சமைத்திருக்கிறார், மற்றவர் சாப்பிட்டிருக்கிறார். கடுகு தாளித்த புகையில் ஐரோப்பிய வீட்டுக் கூரையிலிருக்கும் எச்சரிப்பான் அலறும்போது, துண்டை விசிறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நிற்பவர் யார் என்பதும் அந்த விகுதிக்குள் மறைந்துபோகிறது.

ஓய்வு என்பதே இக்கட்டுரைகளின் பேசுபொருள். அப்படியானால், வீட்டில் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சமைத்த பெண்மணி, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய், பழக்கமில்லாத அடுப்பில், மொழி தெரியாத மளிகைக் கடையில் உப்பு எது சர்க்கரை எது என்று தடுமாறியபடி சமைப்பதற்கு என்ன பெயர்? விடுதியில் தங்கியிருந்தால் அந்த எட்டு நாளாவது அவருக்கு அடுப்பிலிருந்து விடுதலை கிடைத்திருக்கும். சும்மா இருப்பதன் மேன்மை பற்றி ஆசிரியர் நான்கு பத்தி எழுதுகிறார். அந்த வீட்டில் சும்மா இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நம் இலக்கியத்துக்கு இது புதிய காட்சி அல்ல. வேற்று நகரத்துக்குப் போய்த் தனிவீட்டில் தங்கிய தம்பதியர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வர வேண்டியவர்கள் கோவலனும் கண்ணகியும். அவர்கள் போனது உல்லாசத்துக்கு அல்ல என்பது நமக்கும் தெரியும்; எனினும் அந்தப் பகுதியை ஒருமுறை திரும்பப் படித்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்ற முதிய ஆய்ச்சியிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி அவர்களுக்கு ஆயர் குடியிருப்புக்குள் இடம் ஒதுக்காமல், செம்மண் பூசிய பந்தல் போட்ட சிறு வீடு ஒன்றைத் தனியாகக் கொடுக்கிறாள். சாவக நோன்பிகள் பொழுது சாய்வதற்குள் உண்பவர்கள் என்பதை அறிந்து, அரிசியும் காய்களும் கனிகளும் பாலும் தந்து விரைந்து சமைக்கச் சொல்கிறாள். கண்ணகி சமைக்கிறாள். இங்கேதான் இளங்கோ நிற்கிறார். காய் அரிந்து சிவந்த விரல்களைச் சொல்கிறார். முகத்தில் அரும்பிய வியர்வையைச் சொல்கிறார். கலங்கிச் சிவந்த கண்களைச் சொல்கிறார். மாதரியின் மகள் ஐயை வைக்கோலில் தீ மூட்டித் தந்தாள் என்பதைக்கூட விடவில்லை. அடுத்துக் கொலை நடக்கப்போகிற காதையில், ஒரு வேளைச் சோறு யார் கையால் எப்படி ஆனது என்று எழுதுவதற்கு அவருக்கு இடம் இருந்தது. உண்டு முடித்த கோவலனும், தன்னோடு இவ்வளவு தூரம் நடந்துவந்தவளின் துன்பத்தை எண்ணிக் கலங்கிப் பேசுகிறான். நம் கட்டுரையாசிரியர்களிடம் கோவலன் அளவுக்காவது எதிர்பார்க்கலாம் அல்லவா?

அந்த வீடு யாருடையது என்பதையும் காப்பியம் மறைக்கவில்லை. அது மாதரியின் வீடு. மாதரிக்குப் பெயர் இருக்கிறது, மகள் இருக்கிறாள், தொழில் இருக்கிறது. அடைக்கலம் தந்தவர்களைக் காக்க முடியாத துயரத்தில் அவள் உயிரையே விடுகிறாள். இன்றைய கட்டுரையில் மாதரியின் இடத்தில் இருப்பது எண்பூட்டு போட்ட ஒரு சாவிப்பெட்டி. கதவோரம் தொங்கும் அந்த இரும்புப் பெட்டியில் நான்கு எண்களைத் திருப்பினால் சாவி விழும். வீட்டுக்காரர் யார், அவருக்கு இதுபோல் எத்தனை வீடுகள், இதற்கு முன் இங்கே குடியிருந்தவர் எங்கே போனார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. ஃபிளாரன்ஸ் நகரம் 2023 அக்டோபரில் தன் பழைய நகர்ப்பகுதியில் புதிய குறுங்கால வாடகைகளுக்குத் தடை விதித்தது. 2025இல் அந்தச் சாவிப்பெட்டிகளையும் அங்கிருந்து அகற்றச் சொன்னது. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெட்டி ஒரு வசைச்சொல் ஆகிவிட்டிருந்தது.

பார்சிலோனாவில் 10,101 வீடுகளுக்குச் சுற்றுலா உரிமம் இருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூடப் புதுப்பிக்கப்போவதில்லை, 2028 நவம்பருக்குள் அனைத்தும் குடியிருப்புக்குத் திரும்ப வேண்டும் என்று அந்நகர மேயர் ஜௌமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: பத்து ஆண்டுகளில் நகரத்தில் வீட்டு வாடகை 68 விழுக்காடு ஏறியிருக்கிறது. அடுத்த மாதமே ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கி, உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது நீர்த்துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். வெனிஸ் நகரத்தின் கதை இன்னும் சோகமானது. 1951இல் அந்தத் தீவு நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே போயிற்று. எல்லா இழப்பும் வாடகை வீடுகளால் நேர்ந்ததல்ல. வெள்ளமும் வேலையின்மையும் முன்பே துரத்தத் தொடங்கியிருந்தன. காலியான வீட்டுக்கு மறுபடி ஒரு குடும்பம் வராமல் போனதற்கு மட்டும் பயணிகளின் பங்கு கணிசமானது. 'உள்ளூர்க்காரரைப்போல் வாழ்ந்தேன்' என்று ஒருவர் எழுதுகிறார். அந்த மாடியில் உள்ளூர்க்காரர் ஒருவரும் மிச்சமில்லை. எதிர்வீட்டுச் சன்னலில் அவர் கண்டு வியந்த முதியவளும், யார் கண்டது, ஜெர்மனியிலிருந்து ஒரு வாரத்துக்கு வந்தவளாக இருக்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்பவர்கள் எங்கள் மாவட்டத்தின் மலைக்கு ஏறிப் பார்க்கலாம். பழனிச் சாலையிலும் வத்தலக்குண்டுச் சாலையிலும் கோடையில் ஏறிய வண்டிகளின் நெரிசலைக் கண்டு, சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. குடியிருக்கக் கட்டிய வீடு 'காட்டேஜ்' ஆவதும், அங்கே பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு வாடகை வீடு அகப்படாமல் போவதும் கேட்டால் சொல்வார்கள். ஏரியைச் சுற்றி வந்த கவிதைகளிலும் சிறுகதைகளிலும் மூடுபனி நிறைய இருக்கிறது. அந்த ஆசிரியர் இல்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற ஊர்களில் வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து ஒட்டன்சத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு இந்தச் சமவெளியைக் கடந்து பழனிக்கு நடந்துபோகிறவர்கள் பந்தலிலும் மடத்திலும் திண்ணையிலும் படுத்து எழுந்து போகிறார்கள். எந்தப் பாதயாத்திரைக்காரரும் ஒட்டன்சத்திரத்தில் தாம் வாழ்ந்ததாகச் சொல்லி நாம் கேட்டதில்லை. இடம் கொடுத்தவர் பெயரையும் சோறு போட்டவர் பெயரையும் சொல்வார்கள். ஏ.கே. செட்டியார் உலகத்தையே சுற்றியவர். காந்தி படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தவர். தம்மைப் பற்றி மிகக் குறைவாகவும் கண்ட மனிதர்களைப் பற்றி நிறையவும் எழுதினார். எங்கும் குடியேறிவிட்டதாகப் பாவனை செய்ததில்லை. விருந்தாளி என்ற சொல்லில் அவருக்குக் கூச்சம் இல்லை.

சொகுசாக இருந்துவிட்டு வந்ததை எழுதக் கூடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதலாம், எழுத வேண்டும். கணவனும் மனைவியும் முதல்முறையாக ஊர்க்கண் படாமல் எட்டு நாள் இருந்தார்கள் என்பது தமிழில் இன்னும் சரியாக எழுதப்படாத விஷயம். அந்தத் தனிமையில் பேச ஒன்றுமில்லாமல் போன மாலைகளும் இருந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டுத் தேவாலய மணியை எழுதுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

இதழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கட்டுரை அடுத்து வரும்போது, அதைத் திருப்பி அனுப்பி, உடன்சென்ற அம்மையாரையே எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த ஊர், எத்தனை நாள் என்பது அவர் விருப்பம். புகை எச்சரிப்பான் எத்தனை முறை அலறியது என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.