தேர்வில் தேறியவர்களின் ஊர்

நெதர்லாந்தில் நாகெலே என்றொரு விவசாயக் கிராமம் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. அந்த இடம் ஒரு காலத்தில் கடல். 1932இல் பெரிய அணை கட்டி அந்தக் கடலை ஏரியாக்கினார்கள். பிறகு ஏரியின் ஒரு பகுதியைச் சுற்றிக் கரை எழுப்பி, நீரை இறைத்து, 1942இல் ஏறக்குறைய 48,000 ஹெக்டேர் நிலத்தை வெளியே எடுத்தார்கள். அந்த நிலம் இன்றும் கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. பம்புகள் நின்றால் உருளைக்கிழங்கும் இல்லை, ஊரும் இல்லை.

அந்தப் புது நிலத்தின் நடுவில் எம்மெலோர்ட் என்ற நகரம், அதைச் சுற்றி வளையமாக நாகெலே உட்படப் பத்துக் கிராமங்கள். இடைவெளிகளை சைக்கிள் மிதிக்கும் தூரத்தை வைத்து முடிவு செய்தார்கள். மற்ற கிராமங்கள் சாய்வான ஓட்டுக் கூரைகளோடு பழைய டச்சு ஊர்களின் சாயலில் எழுந்தன. நாகெலேயை மட்டும் நவீனக் கட்டடக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். ரீட்வெல்ட், ஆல்டோ வான் எய்க் போன்ற பெரிய பெயர்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. வீடுகளுக்கெல்லாம் தட்டைக் கூரை. நடுவில் பெரிய புல்வெளி. வெட்டவெளிக் காற்றைத் தடுக்க ஊரைச் சுற்றி மர வரிசை. தேவாலயங்கள் மூன்று, பள்ளிகளும் மூன்று. ஒவ்வொரு சமயப் பிரிவும் தனித்தனியாக வாழ்ந்த காலம் அது.

எனக்கு இந்தக் கட்டடங்களைவிட அங்கே குடியேறியவர்களின் கதைதான் முக்கியம். நிலம் அரசுக்குச் சொந்தம்; விவசாயிகள் குத்தகைதாரர்கள். மனுப் போட்டவரிடம் பணமும் தொழில் அனுபவமும் இருக்கிறதா என்று பார்த்ததோடு அதிகாரிகள் நிற்கவில்லை. வீட்டுக்கே போனார்கள். பண்ணை எப்படி நடக்கிறது, மனைவி வீட்டை எப்படி வைத்திருக்கிறார் என்றெல்லாம் கவனித்தார்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். இப்படிச் சலித்தெடுத்த குடும்பங்கள்தான் புது மண்ணில் கால் வைத்தன.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கூரை போட்டவர்கள் சமத்துவத்தை நம்பியவர்கள். ஆனால் அந்தக் கூரையின் கீழ் வர ஒரு தேர்வு இருந்தது. கடனாளி, நோயாளி, சோம்பேறி, தனிக்கட்டை ஆகியோர் எந்தப் பழைய கிராமத்திலும் இருப்பார்கள். அவர்களைச் சகித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும்தான் ஓர் ஊர் தன் குணத்தைச் சம்பாதிக்கிறது. அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால் கிடைப்பது ஊர் அல்ல, நல்ல பணியாளர் குடியிருப்பு.

திட்டத்தைக் குலைத்தது இயந்திரம். நாகெலே வரையப்பட்டது பண்ணைத் தொழிலாளர்களை மனத்தில் வைத்து. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெருகப் பெருக வயலுக்கு ஆள் தேவைப்படவில்லை. கடைகள் குறைந்தன. கத்தோலிக்க தேவாலயம் அருங்காட்சியகமானது. வேறு ஊரில் வேலை பார்ப்பவர்களும், விவசாயமே தெரியாதவர்களும் குடிவந்தார்கள். அவர்களின் சமையலறையை எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை.

கட்டடக்கலை ரசிகர்கள் இதை ஒரு கனவின் சரிவு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் தேர்ந்தெடுக்காத மனிதர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் நாகெலே கிராமமாயிற்று.