எதிரொலிக்குக் காது கொடுத்தவர்



‘செல்போனைப் பார்த்தாலும் வைஃபை பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் எல்லாம் வெளிநாட்டுப் பெயராவே இருக்கு. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர்கூட இதுல எதையும் கண்டுபிடிக்கலையா சார்?’ என்று செல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் இரண்டே வரியில் முடித்திருக்கலாம். மனசு வரவில்லை. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

இப்படி யாராவது கேட்டால் நம் வாயில் முதலில் வருவது கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. மின்சார சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மலிவு விலை ரேடியோ என்று அவர் செய்து காட்டியவை ஏராளம். அவரைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை இருக்காது. நான் சொல்லவருவது அதே கொங்குச் சீமையில், பொள்ளாச்சியில், 1944இல் பிறந்த இன்னொருவரை. பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். ‘யாரு?’ என்று நீங்கள் கேட்டால் உங்கள்மேல் தப்பில்லை. அவருடைய கண்டுபிடிப்பைக் கடையில் கேட்டு வாங்க முடியாது. கையில் எடுத்துக் காட்டவும் முடியாது. ஆனால் இன்று விற்கிற 4ஜி, 5ஜி போன்களிலும் வீட்டு வைஃபை பெட்டிகளிலும் அது இருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. துறைக்காரர்கள் ‘மைமோ’ என்கிறார்கள்.

அது என்ன என்று புரிய, டிவி ஆன்டெனா காலத்துக்குப் போக வேண்டும். மதுரையில் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் எல்லாம் கொடைக்கானலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலம். சில வீடுகளில் எப்படித் திருப்பினாலும் செய்தி வாசிக்கிற அம்மாவுக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு அம்மா நிற்பார். ரிப்பேர்க்காரர்கள் ‘கோஸ்ட் அடிக்குது’ என்பார்கள். அலை கோபுரத்திலிருந்து நேராக ஒரு முறை வந்துசேரும். கட்டடத்திலோ குன்றிலோ மோதிச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தாமதமாக இன்னொரு முறையும் வரும். 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தாமதம். 20 அங்குல டிவியில் அந்தத் தாமதம் ஏறத்தாழ முக்கால் சென்டிமீட்டர் தள்ளி ஒரு நிழலாகத் தெரியும்.

கம்பியில்லாத் தகவல்தொடர்பில் வேலை பார்த்த பொறியாளர்களுக்கு இந்த எதிரொலி பல காலம் தலைவலியாகவே இருந்தது. அதை எப்படி ஒழிப்பது, எப்படி அடக்குவது என்றுதான் எழுதினார்கள். பால்ராஜ் அதற்கு வேறொரு வேலை கொடுத்தார். அவர் எங்கிருந்து வந்தவர் என்பதைப் பார்த்தால் அதில் ஆச்சரியம் குறையும்.

அவர் படிப்படியாகக் கல்லூரிப் பேராசிரியர் ஆனவர் அல்ல, கடற்படைக்காரர். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்துவிட்டு, சின்ன வயதிலேயே தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் போனவர். கடற்படை அவரை மேற்படிப்புக்காக டெல்லி ஐஐடிக்கு அனுப்பியது. முதுநிலைப் படிப்புக்குப் போன அந்த இளம் அதிகாரியின் கணக்கைப் பார்த்து, நேராகப் பிஎச்.டி.க்கு மாற்ற வைத்தவர் பேராசிரியர் பி.வி. இந்திரேசன். பிற்பாடு சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்தாரே, அதே இந்திரேசன்தான்.

1971 டிசம்பர் 9ஆம் தேதி இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று ஐஎன்எஸ் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். நீருக்கடியில் ஒலியை அனுப்பி, மோதித் திரும்புகிற எதிரொலியைக் கேட்டு எதிரியைக் கண்டுபிடிக்கிற கருவிக்கு சோனார் என்று பெயர். நம் கப்பல்களில் இருந்தவை வெளிநாட்டில் செய்தவை. மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் இருக்கிற வெப்பக் கடலில் ஒலி வளைந்து போய்விடும். கருவியின் கேட்கும் தூரம் சுருங்கிவிடும். குக்ரி இழப்புக்குப் பிறகு, இருக்கிற சோனாரை மேம்படுத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. பிறகு கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில், நாமே சொந்தமாக ஒரு சோனார் செய்வது என்று இறங்கினார்கள். ‘அப்சோ’ என்ற அந்தக் கருவி அவர் தலைமையில் உருவாகி 1983இல் கப்பலுக்குப் போனது. அந்தக் காலத்துக் கணினிகளையும் அந்தக் காலத்து இறக்குமதிக் கெடுபிடிகளையும் நினைத்துப் பார்த்தால், என்னைக் கேட்டால் இது மைமோவுக்குக் குறைந்த சாதனை அல்ல.

ஆக, மற்றவர்கள் இரைச்சல் என்று ஒதுக்கியதற்குள் தகவலைத் தேடுவதையே தொழிலாக வைத்திருந்தவர் அவர். கமடோர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, 1991இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். நம் வீடுகளில் அந்த வயதில், ‘பென்ஷன் வருதுல்ல, பேசாம இருங்க’ என்பார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் புனேயில் பிறந்த தாமஸ் கைலாத்தின் குழுவில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒரே அலைவரிசையில் பேசுகிற இரண்டு டிரான்ஸ்மிட்டர்களைத் தூரத்திலிருந்து எப்படிப் பிரித்துக் கேட்பது என்பது கேள்வி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் பிரிக்க முடியாது என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் சுற்றிலும் அலையைச் சிதறடிக்கும் பொருள்கள் இருந்தபோது அவற்றைப் பிரிக்க முடிந்தது. அங்கேதான் பால்ராஜ் கேள்வியைத் தலைகீழாக்கினார். பக்கத்தில் இருந்தாலும் பிரிக்க முடிகிறது என்றால், வேண்டுமென்றே பக்கத்துப் பக்கத்தில் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் வேறுவேறு தகவலை ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன? 1992இல் அவரும் கைலாத்தும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1994இல் கிடைத்தது.

கேள்வி கேட்ட மாணவிக்காக இதைக் கணக்காகவே சொல்கிறேன். பள்ளியில் எல்லோரும் போட்ட கணக்குதான். ஓர் ஆன்டெனா ‘அ’ என்ற எண்ணை அனுப்புகிறது, இன்னொன்று ‘ஆ’ என்ற எண்ணை. இந்தப் பக்கம் இரண்டு ஆன்டெனாக்கள் கேட்கின்றன. காற்றில் இரண்டும் கலந்துதான் வரும். முதல் ஆன்டெனாவுக்கு மூன்று பங்கு அ-வும் இரண்டு பங்கு ஆ-வும் சேர்ந்து 19 என்று வருகிறது. இரண்டாவதற்கு ஒரு பங்கு அ-வும் நான்கு பங்கு ஆ-வும் சேர்ந்து 13. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். தீர்த்தால் அ 5, ஆ 2. எத்தனை பங்கு என்பதை அறிய, முன்பே இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு சோதனைச் சைகையை அனுப்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கைத்தான் உங்கள் போன் இடைவிடாமல் போட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் ருசியான இடம் ஒன்று உண்டு. எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியாக இருந்தால் இரண்டு ஆன்டெனாவுக்கும் ஏறக்குறைய ஒரே கலவைதான் போய்ச்சேரும். இரண்டு சமன்பாடும் ஒன்றாகிவிட்டால் கணக்கு நிற்காது. சுவர், தூண், மாடி, இரும்பு பீரோ என்று அலை மோதித் திரும்பினால்தான் சமன்பாடுகள் வேறுபடும். எங்கள் சிம்மக்கல்லுக்கு வந்து பாருங்கள். யானைக்கல்லிலிருந்து வடக்கு மாசி வீதி வரைக்கும் எந்தச் சந்தில் நின்றாலும் வானம் கோடு மாதிரிதான் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டி, மாடிமேல் மாடி ஏறி நிற்கும். பழைய ரேடியோ பொறியாளர் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொள்வார். மைமோவுக்கு இது தோதான இடம்.

வைஃபை பெட்டியில் ஏன் நாலு கொம்பு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். ஓர் அலைநீளத்தில் பாதியளவாவது விலகி நின்றால்தான் ஆன்டெனாக்கள் வேறுவேறு கலவையைக் கேட்கும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு அது ஆறு சென்டிமீட்டர் சொச்சம். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கழற்றிப்போட்ட பழைய பெட்டி கிடைத்தால் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

இதன் லாபம் என்ன என்றால், அலைவரிசையைக் கூட்டாமலே தகவலைக் கூட்டலாம். 2022இல் நடந்த 5ஜி ஏலத்தில் நம் நிறுவனங்கள் அலைவரிசைக்காக ஒப்புக்கொண்ட தொகை சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அதே அலைவரிசையில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஏற்றி அனுப்ப முடிகிறது என்றால் சும்மாவா? இன்று 5ஜி கோபுரங்களில் ஒரே பலகைக்குள் 64 ஆன்டெனா வரை வைக்கிறார்கள்.

முழுப் பெருமையும் இவர் ஒருவருக்கே என்று எழுதினால் அது ஊர்ப்பாசம் ஆகிவிடும். கைலாத் உடன் நின்றவர். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெரார்டு ஃபோஷினி, எம்ரே டெலடார் போன்றவர்கள் 1990களின் நடுவில் இதன் எல்லை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது. ஆனாலும் முதல் காப்புரிமையில் பொள்ளாச்சிக்காரர் பெயர் இருக்கிறது. 2010இல் பத்மபூஷண், 2011இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பதக்கம், 2014இல் மார்க்கோனி பரிசு, 2018இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இடம்.

வியாபாரத்தில் அவருக்கு எல்லாமே நேராகப் போகவில்லை. கம்பி இல்லாமல், கோபுரம் கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்கும் இணையம் கொடுப்போம் என்று 1998இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். பிற்பாடு அதற்கு ஐயோஸ்பான் என்று பெயர். கருவி வேலை செய்தது. சந்தை தயாராக இல்லை. 2003இல் அந்தத் தொழில்நுட்பத்தை இன்டெல் வாங்கியது. அடுத்து அவர் தொடங்கிய பீசீம் என்ற சிப் நிறுவனத்தை 2010இல் பிராட்காம் வாங்கியது. நிறுவனங்கள் கைமாறிப் போயின. யோசனை மட்டும் 4ஜி விதிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏறக்குறைய அதே வருடங்களில், நமக்கு முப்பது கிலோமீட்டருக்குள் மேலூரில் நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. எனக்கு அதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க விருப்பமில்லை.

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோதி கொன்சால்வஸ் ஆகியோரின் குழு, ‘கார்டெக்ட்’ என்று ஒரு கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. அப்போது ஒரு வீட்டுக்குத் தொலைபேசி கொடுக்க நாற்பதாயிரம் ரூபாய் வரை செலவானது. அதைப் பத்தாயிரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஜுன்ஜுன்வாலாவின் கணக்கு. செம்புக் கம்பி இழுக்கிற செலவே இல்லை. ஒரு கோபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போகும். நடுவில் இன்னொன்றை வைத்தால் 25 கிலோமீட்டர். பேசிக்கொண்டே விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். அந்த வேகத்தில் ஒரு எம்பி போட்டோ போக நான்கு நிமிடம் ஆகும். சிரிக்காதீர்கள், அன்று கிராமத்தில் அதுகூடக் கிடையாது.

2001இல் ஐஐடியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து மேலூர் தாலுகாவில் இதைப் பரிசோதித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் சின்னச் சின்ன இணைய மையங்கள் வந்தன. கிராமத்துப் பெண்களும் இளைஞர்களும் கடன் வாங்கி நடத்தினார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் தாலுகா ஆபீஸுக்கு அங்கிருந்தே விண்ணப்பம் போனது. கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். பயிரில் நோய் விழுந்தால் படம் வேளாண் கல்லூரிக்குப் போனது.

சில வருடங்களில் பல மையங்கள் மூடிவிட்டன. வருமானம் பற்றவில்லை, பழுது பார்க்க ஆள் வரவில்லை, கம்பெனிகளின் செல்போன் கிராமம் கிராமமாக நுழைந்துவிட்டது. தொழில்நுட்பத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. கார்டெக்ட்டுக்குக் கோபுரமும் வீட்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். அழகர்மலையும் அரிட்டாபட்டிக் குன்றுகளும் நிற்கிற தாலுகாவில் அதற்காக உயரமான கம்பம் தேட வேண்டும். பால்ராஜின் முறைக்கு அந்தப் பாடு இல்லை. இரண்டும் ஒரே நோக்கத்துக்காக, கம்பி போகாத வீட்டுக்காகச் செய்தவை. ஒன்று தடையைத் தவிர்க்கப் பார்த்தது, மற்றது தடையையே சாதகமாக்கிக்கொண்டது. அதற்காக மேலூர்ப் பரிசோதனையைத் தோல்விக் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. தாலுகா ஆபீஸ் வேலைக்கு அலையாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து மனுப் போடலாம் என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமம் முதலில் கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. இன்று இ-சேவை மையத்தில் நிற்கிற வரிசைக்கு அது ஒத்திகை.

2023இல் இங்கே பெரிய நிறுவனங்கள் ‘ஏர்ஃபைபர்’ என்று மாடியில் ஒரு பெட்டியை மாட்டிக் கம்பியில்லாமல் வீட்டு இணையம் கொடுக்க ஆரம்பித்தன. 1998இல் பால்ராஜ் விற்கப் பார்த்த சரக்குதான். விளம்பரத்தில் அவர் பெயர் இல்லை. இருக்கும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மாணவிக்கு இன்னொரு வார்த்தை. இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாக வேண்டும் என்றால், சிம்மக்கல் மைய நூலகத்தில் அணிகள் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து உட்காருங்கள். சமன்பாடு மூன்றானால், நான்கானால் எப்படித் தீர்ப்பது என்று அதில் இருக்கும்.

கடைசியாக மேலூர், கொட்டாம்பட்டி, திருவாதவூர் பக்கத்து வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. அந்த இணைய மையங்களை நடத்தியவர்கள், அங்கே மனுப் போட்டவர்கள், சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெட்டியைப் பரணில் இன்னும் வைத்திருப்பவர்கள் உங்களில் இருக்கக்கூடும். என்ன லாபம் வந்தது, என்ன நட்டம் பட்டீர்கள், கடனை எப்படி அடைத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். போட்டோ இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். சித்திரை இதழில் உங்களுக்காகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்